மான் தின்ற சாதகம்

என் சித்தியின் சாதகத்தை மானுக்குத் தின்னக் கொடுத்தவள் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமோ, காதுகுத்தோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, சொந்தக்காரர்கள் கூடினால் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் மறுப்பதில்லை. பல வருடங்கள் கேட்டுக் கேட்டு, நானே அதை நம்பிவிட்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் முடிந்து, கிழக்குப் பக்கம் போய்வரலாம் என்ற தைரியம் எங்கள் மலைப்பக்கத்து ஆட்களுக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்த காலம். பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடு, வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளான லயத்தில்தான் இருந்தாள். உயர்தரம்வரை படித்தவள் எங்கள் லயத்தில் அவள் ஒருத்திதான். படித்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால் கரைத்துக் கொடுப்பதும், மூக்குத் துடைப்பதும் அவள் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி ஆசிரியர்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சோதனையும் எழுதியிருந்தாள். தோட்டத்து ஆபீசுக்குத் தபால் வரும் நாட்களில் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அந்தப் பக்கமாக ஒரு நடை போய்வருவாள்.

என்னை வளர்த்தது பாதிக்கு மேல் சித்திதான். இரவில் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். தலை வாருவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றுவது எல்லாம் அவள். நான் உடைத்த கிளாசுகள், நான் கவிழ்த்த பால், நான் திறந்துவிட்டதால் ஓடிப்போன கோழி, இவை எல்லாவற்றுக்கும் “நாந்தாங்கா கவனிக்காம விட்டுட்டேன்” என்று பழியை அவள் தலையில் போட்டுக்கொள்வாள். அம்மாவும் நம்புவதுபோல் இருந்துவிடுவாள்.

அந்த ஏப்ரல் லீவில் ஒரு நாள் சாயந்தரம் மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். கொழுந்து லொறி ஓட்டுபவர். பெற்றவர்கள் போனபிறகு குடும்பத்தில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, “புள்ளைக்கு லீவுதானே. எல்லாருமா திருகோணமலைக்குப் போயிட்டு வருவோம். அது கடலப் பாத்ததே இல்லையே” என்றார்.

எனக்குக் கடல் காட்டுவதற்காக மாமா மூன்று நாள் லீவு போடுகிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. அவ்வளவு அன்பான மாமா. மறுநாள் காலையிலேயே லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அப்பா மட்டும் வரவில்லை. பசுவைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். பசுவைப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. புறப்படும்வரை யாரோடும் சரியாகப் பேசவுமில்லை. அப்பாவுக்குக் கடலென்றால் பயம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

விடியுமுன் புறப்பட்டுப் பதுளைக்கு வந்து திருகோணமலை பஸ்ஸில் ஏறினோம். மாமா மடியில் ஒரு பையை வைத்திருந்தார். அதற்குள் பொலித்தீனில் சுற்றிய பழுப்பு அட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. அது சித்தியின் சாதகம். எங்கள் தோட்டத்துக் கோயிலில் முன்பிருந்த பண்டாரம் தன் கையால் எழுதியது. பண்டாரம் செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கொப்பி பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை என்று பல ஊர்களுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும் ‘செவ்வாய்’ என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமையில் என்ன பிரச்சினை, புதன்கிழமை கல்யாணம் வைத்தால் ஆகாதா என்று ஒரு தடவை கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருந்தேன். அதனால் இப்போது கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கோணேசர் காலடியில் வைத்து எடுக்கக் கொண்டுபோகிறோம் என்று அம்மா தானாகவே சொன்னாள்.

மகியங்கனைக்கு இறங்குவதற்குள் இரண்டு தடவை வாந்தியெடுத்தேன். சித்தி தோடம்பழத் தோலை என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கி முடிந்ததும் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எங்கே பார்த்தாலும் மேடும் இல்லை, இறக்கமும் இல்லை. எங்கள் ஊரில் கையைவிட்டு ஒரு பந்து போனால் கீழ்மலையில் போய்த்தான் தேடவேண்டும். இங்கே போட்ட பந்து போட்ட இடத்திலேயே கிடக்கும்போல இருந்தது. வெயில் தார்ரோட்டில் தண்ணீர் மாதிரி ஓடியது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, இந்தச் சூட்டில் மனுசர் எப்படி இருக்கிறார்களோ என்று முணுமுணுத்தாள். மாமா திரும்பிப் பார்த்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

கடல் பள்ளத்தில் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் கீழேதான் இருக்கும். பஸ் ஊருக்குள் திரும்பி, ஒரு தெருவின் முடிவில் அது தெரிந்தபோது, கூரைகளுக்கு மேலே நீலமாக நிமிர்ந்து நின்றது. நான் சித்தியின் கையைப் பிடித்து, அந்த மலையில் ஏறலாமா என்று கேட்டேன். முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவளும் அதுவரை கடலைப் பார்த்தவள் அல்ல. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஊரில் எல்லாமே எனக்கு வியப்பாக இருந்தது. துறைமுகத்தில் எங்கள் தொழிற்சாலையைவிடப் பெரிய கப்பல்கள் அசையாமல் நின்றன. கறுத்துப்போன கோட்டைச் சுவர்களுக்குப் பக்கத்தில் பீரங்கி ஒன்று பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதற்கென்றே வைத்ததுபோல் கிடந்தது. எங்கள் ஊரில் ஆடு திரிவதுபோல ரோட்டோரத்தில் மான்கள் திரிந்தன. யாரும் அவற்றைப் பெரிதாக மதிப்பதாகத் தெரியவில்லை.

கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் மடத்தில் இடம் கிடைத்தது. முகம் கழுவியதும் அம்மா சித்திக்குப் பச்சைச் சேலை கட்டிவிட்டு, தலையில் பூ வைத்துவிட்டாள். கடலில் குளிக்க எதற்குச் சேலை என்று நான் கேட்டதற்கு, தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

கடற்கரையில் மாமாவுக்குத் தெரிந்தவர்கள் சிலர் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து முன்னொரு காலத்தில் திருகோணமலைக்குப் போய்க் குடியேறிய ஒருவருடைய அயல்வீட்டுக்காரர்களாம். மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒருவர். துறைமுகத்தில் எழுத்து வேலை. அவருடைய அக்கா, கனத்த உடம்பு, தங்கச் சங்கிலி. கூடவே இரண்டு பிள்ளைகள். ஆண்பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். பெண்பிள்ளைக்கு நாலு. பிள்ளைகள் அந்த அக்காவை ‘மாமி’ என்று கூப்பிட்டார்கள்.

அந்த அக்கா என்னைப் பார்த்து, “பிள்ளை, இஞ்ச வாங்கோ” என்றார். அதுவரைக்கும் யாரும் என்னை ‘வாங்கோ’ என்று அழைத்ததில்லை. உடனே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னென்னவோ விசாரித்தார். சமையல், சுகம், விரதம். பிறகு அம்மாவிடம் திரும்பி, “தோட்டத்துப் பெண்டுகள் நல்ல வேலைகாரியள் எண்டு சொல்லுவினம். எங்களுக்கும் அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்” என்றார். எங்கள் தோட்டத்தைப் புகழ்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவும் சிரித்தாள். சித்தி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அந்தப் பையனும் குழி தோண்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்தது. உங்கள் அம்மா ஏன் கடலுக்கு வரவில்லை என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல், “அம்மா படத்தில இருக்கிறா” என்றான்.

எனக்குக் கை நின்றுவிட்டது. சினிமாவில் நடிக்கும் ஒரு பெண்ணின் பிள்ளையோடு மண் தோண்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் படம் என்று கேட்டேன். “வீட்டில இருக்கிற படம்” என்றான். வீட்டில் படம் போட்டுப் பார்க்கும் டெக் வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து, ஓடிப்போய் அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். ஆனால் கிள்ளவில்லை. என் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு, “போயி அந்தத் தம்பியோட வெளையாடு” என்றாள். நடிகையின் பிள்ளை என்றதும் அம்மாவுக்கே மரியாதை வந்துவிட்டது பார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், அந்தச் சின்னப்பெண் சித்தியின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தானாகவே வந்து, ஒரு கையால் பச்சைச் சேலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சித்தியின் கை, பிள்ளைக்காம்பராவில் எந்தக் குழந்தைக்கும் தட்டிக்கொடுப்பதுபோல, அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கியே போனாள். பக்கத்தில் போய், தெரியாமல் பட்டதுபோல ஒரு கைப்பிடி மணலை அவள் காலில் கொட்டினேன். சித்தி என் பக்கம் திரும்பாமலே மணலைத் துடைத்துவிட்டாள். அது அடியைவிட வலித்தது.

பிறகு அந்தக் கண்ணாடிக்காரர் எழுந்து வந்து, கப்பல்களைக் காட்டுகிறேன் என்று சித்தியை அழைத்தார். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தி அவரோடு தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். நானும் பின்னால் ஓடப் பார்த்தேன். மாமா என் கவுனைப் பிடித்து இழுத்து, கச்சான் கடலை வாங்கிக் கையில் திணித்தார். இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு நின்று வெகுநேரம் பேசினார்கள். பேசியது சித்திதான். அவர் கப்பலையும் காட்டவில்லை, ஒன்றையும் காட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு எனக்கு ஐஸ்கிரீமும் கிடைத்தது.

மறுநாள் காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலுக்குள் நுழைந்து, பெரிய பெரிய ஆலமரங்களுக்கு நடுவே ஏறிப் போகும் பாதை அது. உள்ளே பட்டாளத்துக்காரர்களின் முகாமும் இருந்தது. மரநிழலில் மான்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. பூசை முடிந்ததும் அந்த வீட்டாரும் மேலே வருவார்கள், சாதகத்தைச் சாமி முன்னாலேயே அவர்கள் கையில் கொடுப்பது, பிறகு மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில் என்று மாமா திட்டம் சொன்னார். அதற்கு அடுத்த நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். எனக்கு அந்த வெந்நீர்க் கிணறுகள்தான் மனதில் நின்றன.

மாமா கொப்பியின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, வாழைப்பழம், வெற்றிலை, பூவோடு தட்டில் வைத்துச் சித்தியிடம் கொடுத்தார். தேங்காய் வாங்க மறந்துவிட்டது என்று அவரும் அம்மாவும் மறுபடியும் வாசல்பக்கத்துக் கடைக்கு இறங்கினார்கள். நானும் சித்தியும் ஓர் ஆலமர வேரில் உட்கார்ந்தோம்.

ஒற்றைக்கொம்பு உடைந்த மான் ஒன்று எழுந்து வந்தது. நான் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, பழத்தை நான் தின்றுவிட்டுத் தோலை அதற்குக் கொடுத்தேன். அதற்கு அது போதவில்லை. நேராகத் தட்டுக்குள் மூக்கை விட்டது. பூவைத் தின்றது. வெற்றிலையைத் தின்றது. பிறகு பழத்தோடு ஒட்டிக்கிடந்த கொப்பியின் மூலையைக் கடித்து இழுத்தது.

சித்தி சட்டென்று மறுமூலையைப் பிடித்துக்கொண்டாள். மான் ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்தினேன். பிறகு சித்தியின் விரல்கள் விட்டுவிட்டன.

நான் பிடிக்க ஓடினேன். சித்தி என் கவுனின் பின்முடிச்சைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“கிட்டப் போகாத. முட்டும்” என்றாள். அவள் குரல் மெதுவாக, தொட்டிலாட்டும்போது பேசுகிற குரல்மாதிரி இருந்தது.

மான் தலையை உதறி உதறித் தின்றது. தாள் கிழிகிற சத்தம் கேட்டு இன்னும் இரண்டு மூன்று எழுந்து வந்தன. கீழேயிருந்து மாமா தேங்காயும் கையுமாக ஓடிவந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மானைத் துரத்த, மான் அட்டையை வாயில் வைத்துக்கொண்டு முகாம் பக்கமாகப் போக, காவலுக்கு நின்ற பட்டாளத்துப் பையன்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அம்மா, அண்ணே விடுங்கண்ணே என்று பின்னால் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

அந்த நேரம் அந்த வீட்டாரும் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அந்த அக்கா மாமாவின் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாள் காற்றில் உருண்டு போய்க் கண்ணாடிக்காரரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். படித்தார். மரத்தடியில் நின்ற சித்தியைப் பார்த்தார். சித்தியும் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தாளை இரண்டாக மடித்துத் தன் மகளின் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்ற மான்குட்டியைக் காட்டினார். அந்தச் சின்னப்பெண் பயந்து பயந்து நீட்டினாள். குட்டி வாங்கித் தின்றது. அவள் சிரித்தாள். இதை நான் பார்த்தேன். இவருக்கும் மான் என்றால் ஆசைபோல என்று நினைத்தேன்.

மாமா அட்டையில் பாதியும் தைத்த நூலுமாகத் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. “யாரு குடுத்தது?” என்றார்.

என் கையில் இன்னொரு வாழைப்பழம் இருந்தது. காலடியில் தோல் கிடந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். இத்தனை கிளாசுக்கும் பாலுக்கும் கோழிக்கும் பழி ஏற்றவள், இதில் என் பிழை ஒன்றும் இல்லை என்று கண்ணால் கண்டவள், இப்போது வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஆலமரத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்த அக்கா தட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா, குறிப்புப் போனால் என்ன, வேறு எழுதிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். பிறந்த நேரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அந்த அக்கா கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். பண்டாரத்துக்கு மட்டும் தெரிந்த நேரம் அது.

“கோயில் வாசல்ல, அதுவும் இண்டைக்கு. எனக்கு மனசு ஒப்பேல்ல, தம்பி” என்றார் அந்த அக்கா.

“உங்களுக்கு மனசு ஒப்பேல்லையெண்டா வேண்டாம் அக்கா. விடுவம்” என்றார் கண்ணாடிக்காரர். அதைச் சொல்ல அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

சாமி கும்பிட்டோம். கடலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நிற்கிற கோயிலில் எனக்கு ஒன்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கீழே இறங்கியதும் சாமான்களைக் கட்டுங்கள் என்று மாமா சொல்லிவிட்டார். வெந்நீர்க் கிணறுகளை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அதே வருடக் கடைசியில் தோட்டத்து ஆபீசுக்குச் சித்தியின் பெயருக்குக் கடிதம் வந்தது. பக்கத்து மலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகப் போனாள். இன்னும் சில வருடம் கழித்து, கூடப் படிப்பிக்கிற ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, மாமாதான் முன்னுக்கு நின்று பேசி முடித்தார். சாதகம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், “அதத்தான் மானு தின்னுருச்சே. செவ்வாயையும் சேத்துத் தின்னுருச்சு.”

நான் இப்போது மட்டக்களப்பில் படிக்கிறேன். போன லீவில் சித்தியின் வீட்டில் இருந்தபோது, அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கொப்பியைக் கண்டதும் எனக்கு அந்த ஆலமரம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீங்களாகத்தானே விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவள் பேனையை மூடிவைத்தாள்.

“மொத நாளே கடற்கரையில அவருகிட்ட சொல்லிட்டேன். எனக்கு வேலைக்குக் கடிதம் வரும், நான் அதுக்குத்தான் காத்திருக்கேன், ரெண்டு புள்ளைகளுக்குப் பின்னால வந்து சேர எனக்கு மனசு இல்லன்னு. நல்ல மனுசன். கோவிக்கல. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு மட்டும் சொன்னாரு. அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல.”

மான்?

“மானு தானாத்தான் வந்துச்சு” என்றாள். திருத்திய கொப்பிகளை அடுக்கிவைத்துவிட்டு, “ஒன்னயத்தான் மாட்டிவிட்டேன். வாயத் தொறந்தா எல்லாம் வெளிய வந்துரும்னு பயம்” என்றாள். என் கன்னத்தைத் தொடப் போனவள், நான் வளர்ந்துவிட்டதைக் கண்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பையன் சொன்ன படம், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படம் என்பது அதற்கு முன்பே ஒரு நாள், யாரும் சொல்லாமல், எனக்குத் தானாகவே விளங்கியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

கோயிலிலிருந்து இறங்கிய அன்று மத்தியானம் பஸ் நிலையத்துக்கு அந்தக் கண்ணாடிக்காரர் எங்களை வழியனுப்ப வந்திருந்தார். அக்கா வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மாமா முகம் கொடுக்காமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்காரர் யன்னல் வழியாக அம்மாவிடம் ஒரு கருவாட்டுப் பார்சலைக் கொடுத்தார். சித்தி யன்னலோரம் இருந்தாள். நான் அவளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து, அம்மாவின் மறுபக்கம் இருந்தேன்.

அவர் தோளில் இருந்த சின்னப்பெண் சித்தியைக் கண்டதும் கைகளை நீட்டினாள். யன்னல் உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. “நானும் வாறன்” என்றாள். அவள் மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, “நானும் வாறன்” என்றாள். அவர் அவளைத் தூக்கி மறுபக்கத் தோளுக்கு மாற்றினார். பஸ் நகர்ந்தது. அவள் தகப்பனின் தலையைச் சுற்றி எட்டிப் பார்த்துக் கையை நீட்டியபடியே இருந்தாள்.

அதற்குமேல் என்னால் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மாவைத் தாண்டிப் போய்ச் சித்தியின் மடியில் ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சின்னப்பெண் பார்க்கட்டும் என்று யன்னல் பக்கமாகத் தலையை நீட்டி, சித்தியின் இரண்டு கைகளையும் எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். பஸ் வளைவில் திரும்பியது. கடலும் போனது, அவர்களும் போனார்கள்.

என் உச்சந்தலையில் சூடாக ஏதோ விழுந்தது. பிறகு இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். சித்தி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. அடி வாங்கினவள் நான். இவள் எதற்கு அழுகிறாள்?